கைசுத்தம் போதாதவள்

அந்தப் பூஞ்சை ஐந்தருவி மண்ணில் கிடைத்தது என்று அச்சில் போட்டிருக்கிறார்கள். பச்சைப் பொய். தென்காசியில் ஒரு நெசவாளி வீட்டுப் பின்புறம், கஞ்சித் தொட்டியைக் கழுவிக் கொட்டும் சாக்கடை ஓரத்தில் கிடைத்தது அது. தோண்டியவள் நான். எங்கள் வீட்டு எவர்சில்வர் ஸ்பூனால் தோண்டினேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த அச்சுப் பக்கத்தை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்து முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குத் தென்காசியில் பாத்திரக்கடை. குற்றாலத்தில் சீசன் முடிந்தால் பூட்டிக் கிடக்கும் பங்களாக்கள் எத்தனையோ உண்டு. அதில் ஒன்றின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து, பட்டணத்தில் ஓய்வு பெற்று வந்த ஒரு பேராசிரியர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று தொடங்கினார். காட்டு மண்ணில் வாழும் பூஞ்சைகளிலிருந்து பயனுள்ள என்சைம் எடுப்பது, அந்தச் சாற்றுக்குக் கிருமியைத் தடுக்கும் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பது, இதற்காக அவருக்கு அரசாங்கம் மூன்று வருஷத்துக்குப் பணம் கொடுத்திருந்தது. உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். எடுத்துக்கொண்டார். மூன்று வருஷம் ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரமாகும் என்று சொன்னார். எங்கள் தெருவில் பஸ் ஏறி வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். பி.எஸ்ஸி. படித்துவிட்டுப் பூசணம் வளர்க்கப் போகிறாள் என்று அதற்கும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலை இதுதான். மண்ணைக் கொண்டுவந்து சுத்தமான தண்ணீரில் கரைப்போம். அதில் ஒரு சொட்டை எடுத்து, கடல்பாசியும் அரிசிமாவும் சேர்த்துக் காய்ச்சி உறையவைத்த கண்ணாடித் தட்டில் பரப்பி மூடி வைப்போம். நாலைந்து நாளில் பச்சை, கறுப்பு, வெள்ளை என்று பூஞ்சைகள் முளைக்கும். பிறகு தட்டில் அயோடினை ஊற்றுவோம். மாவு இருக்கும் இடமெல்லாம் நீலக்கறுப்பாக மாறும். ஒரு பூஞ்சையைச் சுற்றி மட்டும் நிறம் ஏறாமல் வெளுப்பாக நின்றால், அந்தப் பூஞ்சை மாவைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். தின்ன உதவுவது அது கக்கும் என்சைம். வெளுப்பு வட்டம் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்ல பூஞ்சை. இந்த என்சைம் துணி மில்லுக்குத் தேவை, மருந்துக் கம்பெனிக்குத் தேவை.

பேராசிரியர் சாருக்கு அருவி மேல் அசாத்திய நம்பிக்கை. மலையில் இருக்கிற மூலிகையெல்லாம் கரைந்து வருகிற தண்ணீர் பட்ட மண், அதில் இல்லாததா வேறெங்கும் இருக்கப்போகிறது என்பார். ஐந்தருவிக்கு மேலே, புளியறைப் பக்கம் மலையடிவாரத்தில், மழையில் நனைந்து அட்டைக் கடி வாங்கி மண் எடுத்து வந்தேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம். வட்டங்கள் வந்தன, எல்லாம் நகக்கண் அளவுக்கு. சார் அதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "இருக்கும்மா, இருக்கு" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் நெசவாளர் தெரு. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். நூல் விறைப்பாக நின்றால்தான் தறியில் அறுந்துபோகாது. அங்கே ஒரு அக்காவை எனக்குப் பழக்கம். கணவர் நெய்வார், இவர் ராட்டையில் நூல் சுற்றுவார். வாய் ஓயாது. தட்டில் ஊற்றக் கடல்பாசி காய்ச்சுவோம் என்று ஒரு முறை சொன்னதற்கு, "நோன்பு தொறக்கதுக்கு நாங்க கடல்பாசி காய்ச்சுவோம். நீ பூசணத்துக்கா விருந்து வைக்க?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஆனி மாதச் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் யாரையென்று இல்லாமல் ஏசிக்கொண்டிருந்தார். "மூணு நாளா பாவு காயமாட்டேங்கு. போட்ட கஞ்சி எங்கன போச்சுன்னே தெரியல. நூலைத் தொட்டா வழவழங்கு. யாரோ நக்கித் தின்ன மாதிரில்லா இருக்கு!"

நான் அப்படியே நின்றுவிட்டேன். நக்கித் தின்றது யார் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக மலையெல்லாம் ஏறி எதைத் தேடினேனோ, அது இந்தத் தெருவில் தலைமுறை தலைமுறையாகக் கஞ்சி குடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. குடையை மடக்கிவிட்டு, கஞ்சித் தொட்டி கழுவுகிற தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். பின்வாசலைக் காட்டினார். வீட்டுக்கு ஓடிப்போய் ஸ்பூனும் பாட்டிலும் எடுத்து வந்தேன்.

"ஏட்டி, சாக்கடை மண்ணு ஒனக்கு எதுக்கு? குத்தாலத்துல மண்ணு தீந்துட்டா?" என்றார் அக்கா. ஆனாலும் அவரே ஒரு கல்லை நகர்த்தி, "இங்கன தோண்டு. இங்கனதான் கஞ்சி தேங்கும்" என்று இடம் காட்டினார்.

ஐந்தாம் நாள் அயோடின் ஊற்றினேன். தட்டு நீலக்கறுப்பாக மாறியது. நடுவில் ஒரு சாம்பல் நிறப் பூஞ்சை. அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வெளுப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூடத்தில் வேறு யாரும் இல்லாததால் ஒரு ஆட்டமே போட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் செய்த வேலையைப் போல் என் வாழ்நாளில் வேறெந்த வேலையும் செய்ததில்லை. ஈரத் தவிட்டை ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, அதில் அந்தப் பூஞ்சையை வளர்த்தேன். தவிட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டினால் சாறு. மொடமொடவென்று கஞ்சி போட்ட துணித் துண்டை அதில் போட்டால் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். பிறகு கிருமிச் சோதனை. சீழ்க்கட்டியிலிருந்து எடுத்த கிருமியை இன்னொரு தட்டு முழுக்கப் பரப்பி, சாற்றில் நனைத்த வடிகட்டும் தாளில் வெட்டிய சிறு பொட்டுகளை அதன்மேல் வைத்தேன். மறுநாள் தட்டெங்கும் கிருமி படர்ந்திருந்தது, பொட்டுகளைச் சுற்றி மட்டும் அண்டவில்லை. பக்கத்தில் வெறும் தவிட்டுத் தண்ணீரில் நனைத்த பொட்டும் வைத்திருந்தேன். அதன்மேல் கிருமி ஏறிப் படர்ந்திருந்தது. அதோடு விடவில்லை. சாற்றைக் கொதிக்கவைத்தும் பார்த்தேன். கொதித்த சாறு கஞ்சியைத் தொடவில்லை, கிருமியை மட்டும் முன்போலவே தடுத்தது. ஆக, கஞ்சியைத் தின்பது ஒரு சரக்கு, கிருமியைத் தடுப்பது வேறொரு சரக்கு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகக் கேட்டு, நானாகக் கண்டுபிடித்தேன். இங்கே அடக்கமாகப் பேச எனக்கு விருப்பமில்லை.

சார் பார்த்தார். ஸ்கேலை என் கையிலிருந்து வாங்கி அவரே வட்டங்களை அளந்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "எந்த அருவிம்மா?" என்று கேட்டார்.

சொன்னேன். மலர்ந்த முகம் சுருங்கியதை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன்.

"இதை எப்படிம்மா எழுதறது? நெசவாளி வீட்டுச் சாக்கடைன்னா எழுதறது? காட்டு மண்ணுக்குத்தானே பணம் குடுத்திருக்கா. படிக்கிறவா மூக்கைப் பிடிச்சுக்க மாட்டாளா?"

"சார், கஞ்சி இருக்கிற இடத்தில்தானே கஞ்சி தின்பது இருக்கும்? அதுதானே இதில் விசேஷம்?"

"விசேஷம் பூஞ்சையில இருக்கும்மா. மண்ணு மண்ணுதானே? ரிஜிஸ்டர்ல ஐந்தருவி, மரத்தடி மண்ணுன்னு போடு."

மண்ணு மண்ணுதானாம். அப்படியானால் சாக்கடை என்றே எழுத வேண்டியதுதானே? மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிய வீடு என்று அவர் நினைத்தது எதனால் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவின் பெயரைச் சொன்னதுமே அவர் உதடு கோணியதை நான் பார்த்தேன். ஆனாலும் எழுதினேன். என் கையால், என் குண்டு எழுத்தில், 'ஐந்தருவி, மரத்தடி' என்று எழுதினேன். வேலை நிரந்தரமாக வேண்டும் என்ற ஆசை கையைப் பிடித்து எழுதவைத்தது. அவரைத் திட்டும்போதெல்லாம் இதையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன்.

சார் உடனே கட்டுரை எழுதி அனுப்பினார். அச்சில் வந்தது. அதைப் படித்துவிட்டு அடுத்த சீசனில் வடக்கேயிருந்து ஒரு நிபுணர் புறப்பட்டு வந்தார். உயரமான, அதிகம் பேசாத மனிதர். தன் பெட்டியில் தானே சுத்தம் செய்த பாட்டில்கள் கொண்டுவந்திருந்தார். பூஞ்சை இருந்த அந்த மரத்தைக் காட்டச் சொன்னார். சார் என்னைப் பார்த்தார்.

ஐந்தருவியில் அன்று நல்ல கூட்டம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆண்கள் நிற்க, மங்குஸ்தான் விற்பவர்கள் கூவ, பழத்தோலுக்குக் குரங்குகள் அடித்துக்கொண்டிருந்தன. அதற்கு நடுவே நான் ஒரு நாவல் மரத்தைக் காட்டி, "இதுதான்" என்றேன். அவர் அந்த மரத்தடியில் முழங்காலிட்டு, சுற்றிலும் பத்து இடத்தில், அத்தனை கவனமாக மண் எடுத்தார். ஒவ்வொரு முறையும் ஸ்பூனை ஸ்பிரிட் தீயில் காட்டினார். ஒரு நல்ல வேலைக்காரன் வெறும் மண்ணுக்கு முன்னால் இப்படி மண்டியிடும்படி நாங்கள் செய்துவிட்டோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மூன்று வாரம் எங்கள் கூடத்திலேயே இருந்து பார்த்தார். என் பூஞ்சையை வாங்கிச் சோதித்தார். நான் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அவர் எடுத்த பத்து பாட்டிலில் ஒன்றில்கூட அது இல்லை. இல்லாமல்தானே இருக்கும்! கடைசி நாள் அவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, "பூஞ்சை உண்மை. ஆனால் இந்த மண்ணில் அது இல்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சார் கொஞ்சமும் தயங்கவில்லை. "என் உதவியாளரின் கை சுத்தம் போதாது. எங்கிருந்தோ தட்டில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்" என்றார்.

நான் எழுந்தேன். "இல்லை சார், அந்த மண் ஐந்தருவி மண்ணே இல்லை, தென்காசியில்..." என்று தொடங்கினேன். சார் ரிஜிஸ்டரைத் திறந்து நிபுணர் முன்னால் வைத்தார். குண்டு எழுத்து. 'ஐந்தருவி, மரத்தடி.' நிபுணர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரிஜிஸ்டரை மூடினார். யார் சொல்லி எழுதினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நேரத்தில் என் வாயை அடைத்தது எதுவோ, அதை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நாலு நாள் கழித்துச் சார் என் அப்பாவுக்கு ஒரு தபால் கார்டு போட்டார். கவர் வாங்கக்கூட மனம் வரவில்லை அந்த மனுஷனுக்கு. 'தங்கள் குமாரத்தி, கைசுத்தம் போதாமையால், இம்மாதத்துடன் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறாள்.'

ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வோம். ஊசியைத் தீயில் காட்டினாயா, கையை ஸ்பிரிட்டில் துடைத்தாயா, அதுதான் அங்கே கைசுத்தம். கடைத்தெருவில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அப்பா கடைக்கு ஆள் சேர்க்கும்போது கேட்கிற முதல் கேள்வியே, "கைசுத்தமான ஆளாவே?" என்பது. தபால்காரர் கார்டைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். எங்கள் ஊரில் கார்டை யார்தான் படிக்காமல் கொடுப்பார்கள்? அப்பா கைக்கு அது வருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அப்பா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "ஏட்டி, என்னத்த எடுத்த?"

"அப்பா, கைசுத்தம்னா அங்க வேற அர்த்தம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுறது."

"சோப்புப் போடாததுக்கா ஒருத்தன் வேலையை விட்டு நிறுத்துவான்? எவ்வளவு எடுத்தன்னு சொல்லு. கொண்டுபோய்க் கட்டிருதேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். பூஞ்சை, கிருமி, தட்டு என்று எவ்வளவோ சொன்னேன். சொல்லச் சொல்ல நான் எதையோ மறைக்கிறேன் என்பதுதான் அவருக்கு உறுதியாயிற்று. பக்கத்து வீட்டுக்குப் போனால், மாவாட்டுவதற்காகக் கழற்றி வைத்திருந்த வளையல்களை அந்த வீட்டு அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எடுத்து இடுப்பில் செருகினார். அதுவரை அவர் என்னை வாய் நிறைய "மக்ளே" என்றுதான் கூப்பிடுவார்.

நெசவாளி வீட்டு அக்காவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ராட்டையை நிறுத்தினார். அவர் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"நீ எடுத்தது எங்க வீட்டுச் சாக்கடை மண்ணுல்லா. அதையும் நான்தானே தந்தேன். அதை எங்க மண்ணுன்னு எழுத அந்தாளுக்கு என்ன கேடு? அருவி தண்ணியிலதான் சத்து வருமாமா? எங்க கஞ்சியில வராதாமா?" என்று சத்தம் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீயும்தானட்டி எழுதுன" என்றார். "சரி, போனது போட்டும். இப்ப எழுது. அந்த வடநாட்டுக்காரருக்கு எழுது. சாக்கடைன்னே எழுது" என்றார்.

அதே இடத்தில் மறுபடி தோண்டினேன். மண்ணோடு நாலு பக்கக் கடிதம். எங்கே எடுத்தேன், யார் இடம் காட்டியது, ரிஜிஸ்டரில் பொய்யை எழுதியவள் நான், எழுதச் சொன்னது யார், ஒன்றையும் விடவில்லை. தபாலாபீஸில் பார்சலைத் தூக்கிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டார்கள். மண் என்றேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. கவரில் வந்தது, ஆங்கிலத்தில். கவராகப் போனதில் தபால்காரருக்குத் தாங்க முடியவில்லை. கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றுகொண்டார். அப்பா என்னைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பி, எல்லோரும் கேட்கிற மாதிரி தமிழில் படி என்றார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் வந்து நின்றார்கள்.

படித்தேன். 'நீ அனுப்பிய மண்ணில் அதே பூஞ்சை கிடைத்தது. கஞ்சி வட்டமும் கிருமி வட்டமும் நீ எழுதிய அளவிலேயே இருக்கின்றன. உன் கைகள் சுத்தமானவை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமான வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை.' அப்பா தபால்காரரைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வரிகளை நான் ஏற்கெனவே கண்ணால் பார்த்துவிட்டேன். நிறுத்தியிருக்கலாம், அங்கே யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஒரு முறை மாற்றி எழுதியதற்குப் பட்டது போதும் என்று தோன்றியது. முழுவதையும் படித்தேன். 'என் கூடத்தில் உனக்குக் கொடுக்க ஒரு இடம் இருந்தது. ஆனால் பிறர் சொன்னார்கள் என்பதற்காக ரிஜிஸ்டரில் பொய் எழுதியவளிடம் இன்னொரு ரிஜிஸ்டரை என்னால் ஒப்படைக்க முடியாது. வருந்துகிறேன்.'

பொய் எழுதச் சொன்னவருக்கு அந்த வருஷம்தான் இன்னும் மூன்று வருஷத்துக்குப் பணம் நீட்டித்துக் கொடுத்தார்கள். நான் மட்டும் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பித்தளைக் குடங்களுக்கு நடுவில் நின்றேன்.

அப்பா பெரிதாக மூச்சு விட்டார். "அவ்வளவுதானா? பொய்தானா எழுதுன? எடுக்கலைல்லா?"

"எடுக்கல" என்றேன்.

அவர் கல்லாவை விட்டு இறங்கி, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினார். "ஏலே, கேளுங்கலே! எம் மவ ஒண்ணும் எடுக்கலயாம். பொய்தான் எழுதியிருக்காளாம். மேலேயிருந்து எழுத்துல வந்திருக்கு. பொய்தானாம்லே, வெறும் பொய்தானாம்!" என்று ஒவ்வொரு கடையாக நின்று சொன்னார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அந்தக் கடிதத்தில் என்னைக் கொன்ற வரி எதுவோ, அதையே சொல்லிச் சொல்லி அப்பா தெரு முழுக்க என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.